வரும்வரை விடாது

நாய் விரட்டவில்லை.

அதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. கழுத்துவாரின் கொக்கியைக் கழற்றி, 'ச்சூ' என்று ஏவிவிட்டது அவன்தான். தொழிலாளர் லைன் வீட்டு நாயாக இருந்தால் கண்டபடி குரைத்துக்கொண்டு பாய்ந்திருக்கும். காட்டெருமையும் தலையை ஆட்டிவிட்டு இந்நேரம் சோலைக் காட்டுக்குள் இறங்கியிருக்கும்.

இது பங்களா நாய். பனி தேசத்து வேட்டை நாய். சாம்பல் நிறம், விறைத்து நிற்கும் காது, முதுகின்மேல் சுருட்டி வைத்த வால்.

அது காட்டெருமையின் முகத்துக்கு நேரே, பத்தடி தள்ளி நின்றது.

ஒரே தாளத்தில் குரைத்தது.

காட்டெருமை இடப்பக்கம் திரும்பியது. நாய் ஓடி அங்கே நின்றது. வலப்பக்கம் திரும்பியது. அங்கேயும் நின்றது. கொம்பைத் தாழ்த்தி ஓரடி முன்னே வைத்தால் பந்துபோல் பின்னால் எகிறியது. மறுபடி வந்து நின்றது.

போக வழி விடவில்லை.

காட்டெருமைக்குப் பின்னால் முள்கம்பி வேலி. அதற்கும் வேலிக்கும் நடுவில், தேயிலைச் செடியோடு செடியாக, அவன் பெண்டாட்டி பவளக்கொடி.

மற்றவர்கள் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்கள். கடைசி வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் மட்டும் நின்றாள். காட்டெருமை வந்தால் அசையாமல் நில், அது தன்பாட்டில் போய்விடும். இந்த எஸ்டேட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் அசையாமல்தான் நின்றாள்.

பொறுக்க முடியாமல் போனது அவனுக்குத்தான்.

அவன் கையில் இன்னும் சீப்பு இருந்தது. பற்களில் நாயின் முடி பஞ்சுபஞ்சாகச் சிக்கியிருந்தது.

சற்று முன்புதான் மேலே சாலையோர மதகில் உட்கார்ந்து அதற்கு வாரிக்கொண்டிருந்தான். கீழே கொழுந்து கிள்ளிக்கொண்டே அவள் கேட்டாள்.

"இருவது வருசத்துல என் தலைய ஒரு நா வாரிவிட்டிருப்பீங்களா?"

"தாள்ல எழுதிக் குடு. வாரிவிடுறேன்."

"ஆமா, எழுதுற கையப் பாரு" என்று கறுத்த விரல்களை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது. பங்களா ஐயா நாயை அவன் பொறுப்பில் விட்டு ஊருக்குப் போகும்போது எழுதிக் கொடுத்தது. நாற்பத்திரண்டு வயதில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன் அவன். அந்தத் தாளை மட்டும் மடிப்பு கிழியும்வரை படித்திருந்தான்.

வாரம் இருமுறை முடி வார வேண்டும். வெயில் என்று மழிக்கக் கூடாது. உச்சி வேளையில் ஓடவிடக் கூடாது. காதைத் துடைத்துவிட வேண்டும்.

கடைசி வரி: பெரிய விலங்கைக் கண்டால் தப்பவிடாமல் நிறுத்தி வைத்துக் குரைக்கும். வேட்டைக்காரர் வரும்வரை விடாது.

இங்கே எந்த வேட்டைக்காரன் வரப்போகிறான் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டான்.

நாய் குரைப்புக்கு நடுவில் தலையைத் திருப்பியது.

அவனைப் பார்த்தது.

அதற்கு வேட்டைக்காரன் அவன்தான். அத்தனை குரைப்பும் அவனுக்கு. அத்தனையும் அவனைக் கூப்பிட்டவை.

ஓரடி கீழே இறங்கினான். நாயின் வால் துடித்தது. குரைப்பு ஏறியது. காட்டெருமை பின்வாங்கியது. பவளக்கொடியின் முதுகில் தொங்கிய கொழுந்துப் பை கம்பியில் பட்டது.

இன்னோர் அடி.

கம்பி கிறீச்சிட்டது.

நின்றான்.

பிறகு முதுகைக் காட்டித் திரும்பினான். யோசித்துத் திரும்பினானா, கால் தானாகத் திரும்பிக்கொண்டதா, அவனுக்கே தெரியவில்லை.

மேலே நடந்தான்.

"ஏங்க."

சத்தமில்லாத சத்தம். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் நின்று திறந்தது.

நடந்தான். சீப்பின் பற்கள் உள்ளங்கையில் இறங்கின. பின்னால் குரைப்பு. மறுபடி குரைப்பு.

பிறகு இல்லை.

ஒன்றுமே இல்லை. ஓர் இலை உரசும் சத்தம்கூட இல்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

ஈர மூக்கு ஒன்று அவன் கையைத் தொட்டது.

அப்புறம்தான் கீழே செடிகள் முறியும் ஓசை கேட்டது. வேலியோரமாகவே காட்டெருமை சோலைக்குள் இறங்கிப் போனது.

அவள் ஏறி வந்தாள். முழங்கையில் கம்பி கீறிய கோடு. பை முதுகிலேயே இருந்தது. மதகில் உட்கார்ந்தாள். நாய் அவள் காலடியில் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தாள்ல போட்டிருக்கு" என்றான். குரல் யாருடையதோபோல் இருந்தது. "நாம திரும்பிப் போனாத்தான் அது விட்டுட்டு வருமாம்."

தாளில் அப்படி ஒரு வரி இல்லை. 'விடாது' என்பதோடு முடிந்திருந்தது.

"போட்டிருக்கா?"

"ம்."

"எங்க?"

அவளுக்கு எழுத்து தெரியாது.

தாளைப் பிரித்தான். மடிப்பு இன்னும் கொஞ்சம் கிழிந்தது. விரல் ஓர் இடம் தேடி அலைந்து, முதல் வரியில் போய் நின்றது.

வாரம் இருமுறை முடி வார வேண்டும்.

அவள் அவன் விரலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். கறை ஏறிய விரல்.

"படிங்க" என்றாள்.