சூடு பட்டால் தெரியும் முகம்

செம்புப் பூச்சுச் சேலைகள் வந்ததிலிருந்து, இஸ்திரி வண்டி வைத்திருக்கும் மரகதவல்லிக்குப் இஸ்திரிப் பெட்டியைத் தொடவே பயமாக இருக்கிறது. கட்டிய நாளில் தன் முன்னால் அதிக நேரம் நின்ற முகத்தை அந்தத் துணி வாங்கி வைத்துக்கொள்ளும். சூடு பட்டால் போதும், படம் தெரிந்துவிடும்.

காலையிலேயே ஜெயசீலன் தன் மனைவியின் சேலையோடு வந்து நின்றான்.

"நேத்து வனிதா கட்டியிருந்தது. தேய்ங்கக்கா. யார்கூடப் பேசிட்டு வந்தாள்னு நான் பாக்கணும்."

"அவளுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரிஞ்சா குடுப்பாளா?"

"பெட்டி இன்னும் சூடாகல. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"கிட்ட நின்னாலே அனல் அடிக்குது. எனக்கே கதை சொல்றீங்களா?"

போன மாதம் இப்படி ஒரு படத்தால் ஒரு குடும்பம் பிரிந்ததை அவள் பார்த்திருந்தாள். வனிதாவைக் காப்பாற்று ஆண்டவா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு சேலை மேல் பெட்டியை வைத்தாள். அவன் நிலைகொள்ளாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னும் வரலையா?"

"உங்க அவசரத்துக்கு வருமா?"

சேலையில் செம்பு நிறத்தில் ஒரு முகம் எழுந்தது. விரலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது ஜெயசீலன்தான். நேற்று வேலையிலிருந்து வந்த வனிதாவை வாசலிலேயே மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டது அவன் நினைவுக்கு வந்தது.

அவன் சுற்றுவதை நிறுத்தியிருந்தான். "இது போகுமாக்கா?"

"துவைச்சா போயிடும்." மரகதவல்லி சேலையை அவனிடம் கொடுத்தாள். "துவைக்க வனிதாகிட்ட குடுக்காதீங்க தம்பி. நீங்களே துவைங்க."