அப்பா சொன்ன மூன்று காரணங்கள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் படிக்கும் பேச்சை எடுத்ததுமே வலன்ரைன் மறுத்தார்.

"இஞ்சை பியர்பொன்ட்ஸிலையிருந்து பஸ்ஸிலை அவ்வளவு தூரம் ஆர் போறது?"

"நீங்கள் வேலைக்கு அதைவிடத் தூரம் போறியள் அப்பா. உங்களை மறிக்காத தூரம் இந்தப் படிப்பை மட்டும் ஏன் மறிக்கவேணும்?" என்றாள் மகள் அஜிதா.

"பூசைக்கு வாற சனம் என்ன கதைக்கும்?"

"அது உங்கடை பயம். காரணமில்லை."

"எங்கடை குடும்பத்திலை ஒரு பொம்பிளையும் காலேஜ் வாசல் மிதிக்கேல்லை!"

"அப்ப ஒராள் துவங்கத்தானே வேணும்!"

பள்ளிக்கூட விவாதக் குழுவின் தலைவி அவள். வாய் கொடுத்து மீள முடியுமா? தோற்றும் வலன்ரைனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ரை பிள்ளையெல்லோ!

"சரி, படிக்கட்டும்."

அஜிதா குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, அப்பா ஓமெண்டிட்டார்! நாளைக்கே போய் உங்கடை பேரைப் பதியுங்கோ!"