வலது கை

வேலை முடிந்து வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிளாஸ் எங்கடி?" என்றான் கணவன்.

குடிக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள் அவள். கிளாஸை எடுத்து, விளிம்பைக் கையாலேயே சுற்றித் துடைத்து, அவன் முன்னால் வைத்தாள்.

ஒரு வாய் குடித்ததுமே முகம் கோணினான். "தூ! இன்னைக்கும் வேப்பங்காயாக் கசக்குது. மூணு கடை மாத்திட்டேன், எல்லாப் பயலும் கலப்படம் பண்றான்!"

"நாலாவதா ஒரு கடை பாருங்க." அலுப்போடு சொல்லிவிட்டு, தட்டையும் ஒரு ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

"சீ! குடிக்கிற ஆசையே விட்டுப் போச்சு." பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தான்.

மறுநாள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? யாரும் எடுத்துக் குடிச்சிடக் கூடாதுன்னுதானே ஸ்பிரிட்ல இந்தக் கசப்பு மருந்தைக் கலக்கிறோம்? விரல்ல ஒட்டினா கழுவினாலும் லேசுல போகாது. வீட்டுல நீங்க தொட்டதெல்லாம் கசக்கும். கையுறையைப் போடுங்க!"

"சரிங்க சார்" என்று இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள்.

அவர் தலை மறைந்ததும், வலது கையில் இருந்ததை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.