அடுத்த மாசத் தட்டு

"யாரோ உள்ளே இருந்து சொல்லிக் கொடுக்கிறாங்க. அடிச்சுச் சொல்றேன்!" பல் டாக்டர் மேஜையைத் தட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த நாலு பேரும் திடுக்கிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளினிக்குக்கு விடுமுறை. நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பெஞ்சுகளில், சினிமா இசைத்தட்டு சேகரிப்பவர்களின் மாதாந்தரக் கூட்டம்.

பழைய படங்களின் இசையைத் தேடிப் பிடித்து, மாதத்துக்கு ஒரு தட்டாக வெளியிடுகிறது ஒரு கம்பெனி. என்ன படம் என்று முன்னால் சொல்லாது. ஒரே ஒரு வரியில் துப்புக் கொடுக்கும். இவர்கள் ஊகித்துச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மாலை ஐந்து மணிக்குக் கம்பெனி படத்தின் பெயரை அறிவித்ததும் பெட்டி திறக்கும். சரியாகச் சொன்னவர், குழு வாங்கும் புதுத் தட்டை முதல் ஆளாக வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் கேட்கலாம்.

நாலு வருஷமாக டாக்டர்தான் கொண்டுபோனார். 'தங்கக் காது' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

மூன்று மாதம் முன்பு அவரிடம் பல் காட்ட வந்த நூலகர் அம்மா, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக் குழுவில் சேர்ந்தார். பல் வைத்தியமும் மாதம் ஒரு பல்லாக நடந்துகொண்டிருந்தது. சேர்ந்த நாளிலிருந்து அவர் சீட்டும் சரி. இரண்டு பேர் சரியாகச் சொன்னால், குறைவாக ஜெயித்தவருக்கே தட்டு. அந்த விதியை எழுதியதும் டாக்டர்தான். எழுதும்போது இப்படி ஒரு ஆள் வந்து சேருவார் என்று அவர் கண்டாரா?

இன்றைய துப்பு: 'ஒரு கலங்கரை விளக்கம், இரண்டு சகோதரிகள், மூன்று நிமிட மௌனம்.'

"மூணு நிமிஷம் மௌனம்னா படம் நடுவுல அறுந்திருக்கும்" என்றார் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

பூகோள வாத்தியார் உலகத்துக் கலங்கரை விளக்கங்களை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, வெறும் சீட்டைப் போட்டார். பஸ் டிரைவர் வழக்கம்போலத் தனக்குப் பிடித்த படத்தையே எழுதினார். என்றைக்காவது அது வராமலா போகும்?

ஐந்து மணிக்கு அறிவிப்பு வந்தது. 'ஏழாம் எண் விளக்கு.' டாக்டர் சீட்டில் அதுதான். நூலகர் அம்மா சீட்டிலும் அதுதான். அப்போதுதான் டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"விடுங்க டாக்டர், மேடத்துக்கு நல்ல ஞாபகசக்தி" என்றார் டிரைவர். அவர் அப்படித்தான் சொல்வார். ஜெயித்த தட்டை அந்த அம்மா ஒரு தடவை அவருக்கும், ஒரு தடவை கடிகாரக்காரருக்கும் முதலில் கேட்கக் கொடுத்துவிட்டார். நாலு வருஷத்தில் புதுத் தட்டின் உறையை அவர்கள் பிரித்தது அப்போதுதான்.

"ஞாபகசக்தியாவது, மண்ணாவது! இது நேர்மைப் பிரச்சினை!"

நேர்மை என்று சொல்லும்போது டாக்டரின் குரல் கொஞ்சம் கம்மியது. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கம்பெனியில் அட்டை அச்சடிக்கும் பிரிவில்தான் அவருடைய மச்சினன் வேலை பார்த்தான். மாதாமாதம் போன் பண்ணி, "மாமா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று படத்தின் பெயரைச் சொல்வான். டாக்டரும் மூச்சு விட்டதில்லை. மனைவியிடம்கூட.

போன வாரம் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். "அந்த அம்மாவுக்கும் சொல்றியாடா?"

"எந்த அம்மா, மாமா?"

"நடிக்காதே!" என்று போனை வைத்துவிட்டார். தனக்காக மட்டும் கம்பெனிக்குத் துரோகம் செய்ய வேண்டியவன் ஊருக்காகவெல்லாம் செய்தால் பொறுக்குமா?

இப்போது நூலகர் அம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அந்த அம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் சொல்றது நிஜம்தாங்க. நான் ஊகிக்கல. எனக்கு ஒருத்தர் மூலமாத் தெரிஞ்சுது."

கடிகாரக்காரர் வாயைப் பிளந்தார். "யாரு மேடம் அது?"

"பேரு வேண்டாம். நல்ல மனுஷர். தான்தான் சொல்றோம்னு அவருக்கே தெரியாது." கைப்பையை எடுத்துக்கொண்டார். "தப்பு என்னோடது. நான் விலகிக்கிறேன். இந்தத் தடவை தட்டை நீங்களே கொண்டுபோங்க டாக்டர்."

டிரைவருக்கு முகம் விழுந்துவிட்டது. வாத்தியார் வாசல் வரை போய் வழியனுப்பினார்.

"பார்த்தீங்களா? உண்மை ஒருநாள் வெளிய வந்தே தீரும்" என்று டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு வாரம் முழுக்க தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார். அலாதி சுகமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பாக்கியிருந்த ஒரு பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொள்ள நூலகர் அம்மா வந்தார். கோபதாபம் எதுவும் இல்லை. வணக்கம் சொல்லி நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தார்.

டாக்டருக்கு அன்றைக்கு ஏக உற்சாகம். காலையில்தான் மச்சினன் போன் பண்ணியிருந்தான். ஊசி போட்டு, ஈறு மரத்ததும், டிரில்லை எடுத்து வேலையைத் தொடங்கினார்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். அந்த அம்மா மெல்லக் கையைத் தூக்கினார்.

டாக்டர் டிரில்லை நிறுத்தினார். "வலிக்குதா மேடம்?"

"வலியெல்லாம் இல்ல டாக்டர். வேலை பார்க்கும்போது பாட்டு மட்டும் முனகாதீங்க. நான்தான் குழுவுல இல்லையே... எனக்கு எதுக்கு அடுத்த மாசத் தட்டு?"