டம்பரு வீட்டு வாத்துகள்

"ஏங்க, எழுந்திரிங்க! வாத்து ரெண்டையும் காணோம்!"

பதுமி போட்ட சத்தத்தில் டம்பரு போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார். விடிய இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. முற்றம் முழுக்கப் பனி.

"நல்லாப் பாத்தியா? கூண்டுக்குப் பின்னால?"

"எல்லா இடமும் பாத்துட்டேங்க. கூண்டு திறந்து கிடக்கு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "நம்ம வீட்டுக்கும் வந்துட்டாங்க!"

அறுவடைத் திருநாளான மாக் பிஹுவுக்கு முந்தின ராத்திரிக்கு உருகா என்று பேர். அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்த சந்தோஷத்தில் ஊர் இளவட்டங்கள் வயலில் வைக்கோல் குடிசை போட்டு விருந்து சமைப்பார்கள். வாத்து, பூசணி, அடுப்புக்கு வேலி மூங்கில் என்று பாதிச் சாமான் ஊரார் வீட்டில் திருடியதாகத்தான் இருக்கும். பறிகொடுத்தவர் காலையில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதே வயலில் போய் நெருப்புக் காய்ந்து எள்ளுருண்டை தின்றுவிட்டு வருவார். அதுதான் முறை.

போன வருஷம் டம்பரு அந்த முறையை மீறினார். வாத்து போன கோபத்தில் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார். நாளும் கிழமையுமாக மூன்று பையன்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து ஊர் அவரோடு சண்டையும் போடவில்லை, பேசவும் இல்லை. அவருக்கென்ன, வயலுண்டு, வேலையுண்டு. தவித்துப் போனது பதுமிதான். தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நாலு வார்த்தை பேச ஆளில்லை. இந்த பிஹுவுக்காவது யாராவது வந்து ஒரு சுரைக்காயையாவது திருடிக்கொண்டு போக மாட்டார்களா என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"மரம் மாதிரி நின்னா எப்படி? திட்டுங்க! ஊருக்கே கேக்கணும்."

டம்பரு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்தக் களவாணிப் பயடா அது? என் வாத்தைத் தின்னவனுக்குத் தொப்பை வெச்சு இடுப்புல வேட்டி நிக்காமப் போகட்டும்!"

"இன்னும் சத்தமா!"

அவர் இன்னும் சத்தமாகத் திட்டினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நிருபமா. பதுமியோடு பேசி ஒரு வருஷமாகிறது.

"என்னக்கா, உங்க வீட்டுலயுமா? எங்க வாசக் கதவையே கழட்டிட்டுப் போயிட்டானுங்க!"

"எங்க வீட்டுல வாத்து நிருபமா! ரெண்டும் நல்ல கொழுத்தது!"

பதுமி இதைப் பெருமையாகவே சொன்னாள். "வயலுக்கு வர்றீங்கல்லக்கா?" என்று நிருபமா கேட்டதும், "வராம?" என்று உள்ளே ஓடினாள். பெட்டியிலிருந்து பட்டு வெளியே வந்தது. ஒரு தட்டு நிறைய எள்ளுருண்டை அடுக்கினாள். டம்பரு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக இந்த முகத்தை அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஊர்த் தலைவர் தானேஸ்வர் வந்தார், பின்னால் ஆறேழு இளவட்டங்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. போன வருஷம் பெஞ்சில் உட்கார்ந்த மூவரில் ஒருவனான ரிண்டு, கையில் மூடிய கூடை வைத்திருந்தான்.

"டம்பரு, நீ போட்ட சத்தம் வயல் வரைக்கும் கேட்டுச்சு," என்றார் தலைவர். "இவங்களை நிக்க வெச்சு விசாரிச்சுட்டேன். உன் வீட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு முன்னாலயே சொல்லியிருந்தேன். ஒருத்தனும் வரல."

"சத்தியமா நாங்க இல்ல சித்தப்பா," என்றான் ரிண்டு. "வெளியூர்க்காரன் எவனோ வந்திருக்கான். இதுல ரெண்டு வாத்து இருக்கு, வெச்சுக்கங்க. ஸ்டேஷனுக்கு மட்டும் போயிடாதீங்க."

பதுமி பட்டு உடுத்தி, தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நீங்க எடுக்கலையா?" அவள் குரல் உள்ளே போய்விட்டது. "உங்கள்ல யாருமே எடுக்கலையா?"

"இல்ல சித்தி. தொடக்கூட இல்ல."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். டம்பருவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்டா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியுமா? எப்படி?" என்று கேட்டார் தலைவர்.

டம்பரு வாயைத் திறப்பதற்குள், ரிண்டு கூடையை இறக்கி வைத்து மூடியை எடுத்தான். புது இடத்தைக் கண்ட மிரட்சியில் வாத்துகள் இரண்டும் உரக்கக் கத்தின.

முற்றத்து ஓரத்தில் பூட்டிக் கிடந்த நெல் களஞ்சியத்துக்குள்ளிருந்து, இரண்டு வாத்துகள் பதிலுக்குக் கத்தின.

எல்லோரும் களஞ்சியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவி டம்பருவின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.