படகில் நாலு பேர்

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள உன் குழு தங்கப் படகை வாங்கியாகணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா" என்றார் சூப்பர்வைசர். திட்டவில்லை, கத்தவில்லை. அந்த 'அம்மா'தான் அவளைப் பயமுறுத்தியது.

மணி நாலரை.

அவளுக்கு விளையாடுவதுதான் வேலை. கேட்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள். இணையத்தில் நாலு பேர் சேர்ந்து துடுப்புப் போடும் படகுப் பந்தயம் அது. நாலு பேர் இருந்தால்தான் படகு கரையை விட்டு நகரும். ஆள் சேரவில்லை என்றால், வந்தவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போகவிடாமல் இடத்தை நிரப்பவும், பேச்சுக் கொடுத்து, தங்கப் படகு மாதிரி ஆட்டத்துக்குள் காசுக்கு விற்கிற எதையாவது வாங்க வைக்கவும் கம்பெனி சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்தது. சம்பள ஆள் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. விட்டால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒற்றை அறையில் ஆரம்பித்த கம்பெனி, இன்று கட்டடத்தின் மூன்று மாடிகளையும் வளைத்துப் போட்டுவிட்டது. ஒரு மாடிக்காரர்களுக்கு அடுத்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. வளர்ச்சி என்றால் சும்மாவா?

ஆட்டத்தில் அவள் பெயர் மின்னல். அவள் படகில் இன்னும் மூன்று பேர்: தூங்குமூஞ்சி, கொசு, ஆமை. கொசு எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஆமை எட்டு மாதமாக வாயே திறந்ததில்லை. தூங்குமூஞ்சிதான் பேச்சுத் துணை. வேன் ஓட்டுகிறவர், மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். வாய் நிறையத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். கூடப் பிறந்தவன்கூட அவளிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

ஹெட்போனை மாட்டினாள். படகில் ஒருவர் பேசினால் நாலு பேருக்கும் கேட்கும்.

"வந்துட்டியா தங்கச்சி? தங்கப் படகு இன்னைக்குப் பாதி விலையாமே, பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"வாங்கிடலாமா? நீ பாதி போடு, நான் பாதி போடறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரிக்காத வலையில் மனுஷன் தானாக வந்து விழுகிறாரே! 'சரி' என்று ஒரு வார்த்தை போதும். அவள் பங்கைக் கம்பெனியே போட்டுவிடும். வேலை தப்பிக்கும். வேலையில்லாத புருஷன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எல்லாருமே தப்பிப்பார்கள்.

ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"உங்களுக்கு ஏதுண்ணே அவ்வளவு பணம்?"

"ஆஸ்பத்திரிக்குன்னு எடுத்து வச்சது இருக்கு. பிரசவம் அடுத்த வாரம்தானே, அப்ப பாத்துக்கலாம்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவன் பிறந்தபோது பிரசவ வார்டு வாசலில் அவள் புருஷன் போன் மேல் போன் போட்டுப் பணத்துக்கு அலைந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவன் முகம் இருந்த இருப்பு, இன்றுவரை அவளுக்கு மறக்கவில்லை.

மைக்கை வாயருகே இழுத்துக் கையால் மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, வாங்காதீங்க."

"என்னம்மா?"

"வாங்கவே வாங்காதீங்க. நான் பொழுதுபோகாம விளையாட வர்றவ இல்லண்ணே. சம்பள ஆளு. உங்களை வாங்க வைக்கத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க. எட்டு மாசமா உங்களை ஏமாத்திட்டேன். அந்தப் பணத்தைத் தொடாம அண்ணிகிட்ட கொடுத்துடுங்க. என்னை மன்னிச்சிடுங்க."

துடுப்புகள் நின்றன. படகு நடு ஆற்றில் அப்படியே மிதந்தது. வேலை போனது போனதுதான். ஆனால் எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காதில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அம்மாடி... பொழைச்சேன்!"

"என்னண்ணே சொல்றீங்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகல தங்கச்சி. வேன், ஒன்பதாம் மாசம் எல்லாம் அவங்க எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னது. நானும் சம்பள ஆளுதான், மூணாவது மாடி. எனக்கும் அஞ்சு மணிதான் கெடு. உன் தலையில எப்படிடா கட்டுறதுன்னு காலையிலேருந்து எனக்குச் சோறு இறங்கல!"

"அய்யோ அண்ணே! நான் கீழ முதல் மாடியில இருக்கேன்!"

"அப்ப நடுவுல நான்" என்று குறுக்கே விழுந்தான் கொசு. "ரெண்டாவது மாடிக்கா!"

அப்புறம் மூன்று பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்த சூப்பர்வைசர், வியாபாரம் படிந்துவிட்டதென்று நினைத்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். யாரையும் ஏமாற்றவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. வேலை போனால் போகட்டும்.

அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். செருமியது ஆமை.

"ஆக, காசு கொடுத்து விளையாடுறவன் இந்தப் படகுல நான் ஒருத்தன்தானா?" என்றது அந்தக் கரகரத்த குரல். "பரவாயில்ல, அந்தத் தங்கப் படகை நானே வாங்கிடறேன், நீங்க மூணு பேரும் வேலையை மட்டும் விட்டுடாதீங்க, உங்க பேச்சைக் கேக்கத்தானே நான் தினமும் வர்றேன்!"