ஏழாவது சீட்டு

பெட்டிக்குள் ஏழு சீட்டு இருந்தது. பிரிவுத் தலைவர் இரண்டாம் முறையும் எண்ணிப் பார்த்தார். ஏழுதான். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் ஆறு பேர்.

தண்ணீரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடம் அது. அவர் அதற்குத் தலைவராகி ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் இரண்டு பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் கேட்டால் நீங்கள் பழையபடி மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன கையோடு, தலைமைப் பண்பை வளர்க்கும் மூன்று நாள் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார்.

அங்கே சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பெட்டி. உங்களிடம் என்ன குறை என்று பெயர் போடாமல் எழுதிப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். இவருக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வராது. மனைவிதான் பழைய ஷூ பெட்டிக்குத் தாள் ஒட்டி, நடுவில் வாய் கீறி, யாரும் திறந்து பார்த்துவிடாதபடி சுற்றிலும் டேப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் அது கூடத்து வாசலில் இருந்தது. இன்றைக்குத்தான் மூடியைப் பிளந்தார்.

மேலே இருந்த ஆறையும் வரிசையாக எடுத்துப் படித்தார். ‘சார் தங்கமானவர்’ என்றது ஒன்று. மூன்று பேர் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது, குழாய் ஒழுகுவதைப் பற்றி. ஆறாவதில் எதுவுமே இல்லை, மடிப்பு மட்டும் நேர்த்தியாக இருந்தது.

அடியில் கிடந்த ஏழாவதைப் பிரித்தபோதுதான் காது சூடானது. இடது கையால் எழுதியதுபோலக் கோணல் மாணலான எழுத்து.

‘பேச வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, ஃபோனைத்தான் பார்க்கிறீர்கள். ஏதாவது தவறிப்போனால் யார் செய்தது என்பதுதான் முதல் கேள்வி. நூறு நாள் சரியாக நடந்தது உங்கள் கண்ணில் பட்டதே இல்லை.’

அவர் மனது கணக்குப் போட்டது. யாரோ ஒருவர் இரண்டு சீட்டு போட்டிருக்கிறார். ஒன்று பயத்துக்கு, ஒன்று உண்மைக்கு. அடியில் கிடப்பதால் முதல் ஆளாக வந்து போட்டது இதைத்தான். அவ்வளவு ஆத்திரம்.

ஆளைப் பிடிக்க இரண்டு நாள் உளவு பார்த்தார். முணுமுணுப்பு என்று அவர் மனதுக்குள் பெயர் வைத்திருந்த இளைஞன்மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் அவன் வலது கைக்காரன். ஆறு பேருமே வலது கைக்காரர்கள். இவரைக் கண்டால் மட்டும் இடது கைக்காரர்கள்போலத் தடுமாறினார்கள்.

மூன்றாம் நாள் சலித்துப்போனது. எழுதியது யாரென்று தெரியாததால் ஆறு பேரிடமும் நல்லபடியாக நடந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபோனை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார். முதல் தடவை, மூக்கில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்து முணுமுணுப்பு இரண்டு முறை துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் குடுவை அடுக்கும் ஸ்டாண்டு சரிந்து, பதினோரு குடுவைகள் நொறுங்கின. குடுவை கழுவும் அக்கா பக்கத்தில் அசையாமல் நின்றார். கூடமே தலைவரின் வாயைப் பார்த்தது. ‘யாரு’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“கையில ஏதும் குத்தலயேம்மா?”

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு, ஸ்டாண்டுக்கு ஒரு கால் நொண்டி என்றார். எத்தனை நாளாக என்று கேட்டார் தலைவர்.

“நாலு மாசமா சார். சொன்னா யாரு உடைச்சதுன்னு கேப்பீங்களேன்னு அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்திருந்தோம்.”

மறுநாளே ஸ்டாண்டுக்குப் புதுக் கால் வந்தது. அதைப் பார்த்ததும் மற்ற வாய்களும் திறந்துகொண்டன. காலாவதியான ரசாயனம், பொய் சொல்லும் தராசு, இரண்டு மாதமாக எரியாத விளக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குழாயும் ஒழுகுவதை நிறுத்தியது.

தினம் கிளம்பும் முன் யாராவது ஒருவரை நிறுத்தி, அவர் அன்றைக்கு நன்றாகச் செய்ததை வாய்விட்டுச் சொன்னார். சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம். ஆனால் மறுநாள் இரண்டு பேருமே சீக்கிரம் வந்தார்கள்.

மாதக் கடைசியில், மாற்றல் கேட்டிருந்த இருவரும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் பதவியை உறுதிசெய்து இயக்குநர் கடிதம் அனுப்பினார்.

அன்று மாலை அந்தக் கடிதத்தை ஃபோனில் படித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். இதை யார் இங்கே போட்டது என்றார், தலை நிமிராமல். மனைவி நாற்காலியை நகர்த்திவிட்டு, டீயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

டீயைக் குடித்தபடி, உடைந்த குடுவையிலிருந்து உறுதியான பதவிவரை முழுக்கதையையும் சொன்னார். கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஃபோனில் வாழ்த்துச் செய்திகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“எல்லாம் அந்த ஏழாவது சீட்டு செஞ்ச வேலை. எழுதினது யாருன்னு மட்டும் தெரிஞ்சா, கால்லயே விழுந்துடுவேன்.”

மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

“கால்லல்லாம் விழ வேண்டாம். ஃபோனைக் கீழ வச்சாப் போதும்.”